பக்கத்துக் கடையில் விசாரித்த அக்கா

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் துண்டுத் தகடு விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்காவின் வீட்டு மாடியில் நாங்கள் சில வருஷம் குடியிருந்தோம். வீடு திருவொற்றியூரில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருந்தது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாது. சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவருடைய வீட்டுக்காரரே வெளியாட்கள் முன்னால், "எதுன்னாலும் அக்காவக் கேட்டுக்குங்க" என்பார்.

நாங்கள் அவரைப் பார்ப்பதற்கு முன்பே அவர் எங்களைப் பற்றித் தெரிந்துகொண்டுவிட்டார். அப்போது மாத்தூரில் இருந்தோம். எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. லாரி நெரிசலில் போய்வந்தே பாதி ஆயுசு போகிறது என்று வேறு வீடு தேடினேன். தரகர் காட்டிய இந்த மாடி பிடித்துப்போனது. ஆனால் வீட்டுக்கார அம்மா யோசித்துச் சொல்வார் என்றார் தரகர். அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்தூர் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தார்.

"உங்களப் பத்தி ஒரு அம்மா வந்து விசாரிச்சுட்டுப் போச்சு சார். எங்க வீட்ல காபிகூட குடிச்சுது."

"என்ன கேட்டாங்க?"

"சம்பளம் எவ்ளோன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். கேக்கல. தண்ணி லாரி வந்தா வரிசைல நிப்பாங்களா, பூந்து புடிப்பாங்களான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். நீங்க வரிசைல நிப்பீங்க. வீட்டுக்காரம்மா பூந்து புடிப்பாங்கன்னு."

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. இனி அந்த வீடு கிடைக்காது என்றுதான் நினைத்தோம். மறுநாளே சாவி வந்தது. குடிபோன பிறகு நான் அக்காவிடம் தயங்கித் தயங்கி இதைக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் வரிசைல நின்னுகினு இருந்தா குடும்பம் எப்டி நைனா நடக்கும்? ஒண்ணாவது பூந்து புடிக்கணும்" என்றார்.

அவருடைய வழி இதுதான். எதையும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்க மாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். டாக்டரிடம் போகும் முன் எதிரே இருக்கிற மருந்துக் கடையில் கேட்பார். பழைய ஃபிரிட்ஜ் வாங்கப் போனால், விற்கிறவரின் கீழ்வீட்டில் போய், "உங்கூட்டு மீன வெக்க அவங்க ஃபிரிட்ஜ கேட்டு கீறீங்களா? ஐஸ் கட்டுச்சா?" என்பார். இரும்பு மார்க்கெட்டில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. "விக்கிறவன் வாயெல்லாம் சக்கரையா இருக்கும். பக்கத்துக் கடக்காரனுக்கு இன்னா வந்துது? உள்ளத சொல்லிட்டு டீ குடிக்கப் பூடுவான்."

பக்கத்து வீட்டுக்காரன் பொய் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று நான் ஒருமுறை மடக்கப் பார்த்தேன். அப்போதுதான் வியாசர்பாடி மாப்பிள்ளை கதையைச் சொன்னார். தங்கை மகளுக்குப் பார்த்த பையன். இடப்பக்கத்து வீட்டில் விசாரித்தபோது, குடிகாரன், தெருவில் சட்டையைக் கிழித்துக்கொண்டு சண்டை போடுகிறவன், இப்படி அடுக்கிவிட்டார்கள். தங்கை வீட்டில் அழுது ஓய்ந்து வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டார்கள். அக்கா மட்டும் திரும்பப் போய் வலப்பக்கத்து வீட்டில் கேட்டார். எதிர்வீட்டிலும் கேட்டார். இடப்பக்கத்து வீட்டுக்கும் பையன் வீட்டுக்கும் சாக்கடைத் தண்ணீர் தகராறு என்பது தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம வந்தா கேரம் போர்ட வுட்டு எந்திரிக்க மாட்டான்னு மூணு வூட்லயும் சொன்னாங்க. அது ஒண்ணுதான் மூணு வூட்லயும் ஒத்துப் போச்சு. அப்ப அது மட்டும்தான் நெசம்."

கல்யாணம் நடந்தது. அந்தப் பெண்ணும் இப்போது கேரம் ஆடுகிறாள்.

சந்தில் சிலர் அவரை சி.ஐ.டி. என்பார்கள், முதுகுக்குப் பின்னால். என் மனைவியும் ஆரம்பத்தில் அவர் படியேறி வந்தால் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருப்பாள். ஆனால் அக்கா ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லி நான் கேட்டதே இல்லை. முடிவு எடுப்பதற்காகக் கேட்பார். முடிவு எடுத்ததும் அதை மறந்துவிடுவார்.

என் மனைவி கல்யாண வரவேற்புகளில் பழம் செதுக்குகிறவள். மண்டப வாசலில் தர்பூசணியில் ரோஜாவும் பப்பாளியில் அன்னமும் பரங்கிக்காயில் மணமக்கள் பெயரும் வைத்திருப்பார்களே, அந்த வேலை. போனில் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது. தண்டையார்பேட்டை, டோல்கேட் பக்கத்து மண்டபங்களில் அவளை எல்லா சமையல்காரர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் கை போகவில்லை என்று அவளுக்கு ஒரு குறை. பாங்காக்கில் ஒரு ஆசிரியை வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு வார வகுப்பு எடுக்கிறார் என்று தெரிந்ததும் பணம் சேர்த்துப் பதிவு செய்துவிட்டாள். யார்டில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகத்தான் போக வேண்டும்.

என் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"பாங்காக்கா? பொண்டாட்டியத் தனியா பாங்காக்குக்கு அனுப்புறியா?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பு சமையலறைவரை போனது. அவன் கிளம்பியதும் அவள், "நான் போகலீங்க. இங்கயே இருக்கறத செதுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னாலேயே போனேன். அக்கா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற?"

அவள் சொன்னாள். அண்ணன் சிரித்ததையும் சேர்த்து.

"ஏன், அந்த ஊர்ல பொம்பளைங்களே இல்லியா? அவங்கல்லாம் கடைக்குப் போறாங்க, வேலைக்குப் போறாங்க இல்ல? அவங்க நடக்கிற எடத்துல நீயும் நடந்துட்டு வா. அத்த வுடு. எங்க தங்கப் போற? அத்தச் சொல்லு மொதல்ல."

அதற்கு நான் தயாராக இருந்தேன். ஒரு வாரமாகத் தேடி ஒரு ஹோட்டல் எடுத்து வைத்திருந்தேன். மொட்டை மாடியில் நீச்சல் குளம், காலை நாஷ்டா, பக்கத்திலேயே மேம்பால ரயில். தங்கிப் போனவர்கள் எல்லாரும் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். போனில் படங்களைக் காட்டினேன். அக்கா விரலில் ஒட்டியிருந்த கீரையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"மாடி மேல கொளம் கீது. சரி. பக்கத்துல இன்னா கீது?"

வரைபடத்தில் பார்த்தேன். ஒரு மருந்துக் கடை.

"போன் போடு."

"அக்கா, அது வெளிநாடு."

"வெளிநாட்ல போன எடுக்க மாட்டானா?"

அவருடைய போனிலிருந்தே போட்டோம். கடைக்காரருக்கு ஆங்கிலம் தெரிந்தது. தனியாக வரும் ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறோம் என்றேன். கொஞ்சம் தயங்கினார். ஹோட்டலில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இருட்டினால் இது வேறு தெரு, விடியும்வரை பாட்டும் குடியும்தான் என்றார். என் மகள் கடையில் உதவிக்கு வருவாள், விளக்கு வைத்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார்.

"அவரு பொண்ணையே அனுப்பிடுறாரு. நம்ப பொண்ண அங்க வெக்கிறதா?" என்றார் அக்கா. குளம் போய்விட்டது.

அடுத்து நான் காட்டியது பெரிய பெரிய அலுவலகங்கள் இருக்கும் பகுதி. தரை கண்ணாடிபோல் இருந்தது. ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அந்தப் பையன் பெருமையாகச் சொன்னான்: "ரொம்ப அமைதியான இடம் சார். ஆபீஸ் விட்டதும் தெருவில் ஒருத்தர்கூட இருக்க மாட்டார்கள்." எனக்குத் திருப்தியாக இருந்தது. மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"ஒருத்தரும் இல்லாத தெருவுல இது தடுக்கி வுயுந்தா யாரு தூக்குவாங்க?"

என் மனைவிக்கே பொறுமை போய்விட்டது. "அக்கா, ஒரு தடவை அந்த ஹோட்டல்லயே கேட்டுடலாமே!"

"கம்னு இரு. உன்னியும் இப்டித்தான் கண்டுபுடிச்சேன்."

அவள் வகுப்புக்குப் படகில் போகலாம் என்று ஆசிரியை எழுதியிருந்தார். அதனால் படகுத்துறை ஓரமாகவே தேடினோம். ஆற்றுக்கு அக்கரையில், பழைய பகுதியில், ஒரு சந்தில் ஒரு சின்ன விடுதி இருந்தது. படங்கள் மங்கலாக இருந்தன. ஒரு பக்கம் கோயில் மதில். இன்னொரு பக்கம் ஒரு லாண்டிரி. லாண்டிரியில் போனை எடுத்தது ஒரு பெண்மணி.

"சவாதீ க்கா."

அக்கா என் தொடையில் தட்டினார். "பாத்தியா! எடுத்ததுமே அக்கான்னு கூப்டுது!"

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வரவில்லை. என் போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அக்கா குனிந்து அதற்குள் கத்தினார்.

"ஏம்மா, அந்த லாட்ஜாண்ட ராவுல பேஜாரு எதுனா கீதா?"

ஆப் எதையோ சொன்னது. பிறகு பதில் வந்தது. ஆப் அதைத் தமிழில் எழுதிக் காட்டியது: 'இரவில் பஜார் இல்லை. காலையில் வந்தால் காய்கறி கிடைக்கும்.'

என் மனைவி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். நான் என் போனை எடுத்து, செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "ஒரு பெண் தனியாகத் தங்க வருகிறாள். மாலையில் தனியாக நடந்து வந்தால் பயமில்லையா?"

இந்தத் தடவை அந்த அம்மா நிறையப் பேசினார். ஒவ்வொரு வாக்கியமும் "க்கா" என்றே முடிந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் "சொல்லு, சொல்லு" என்று தலையாட்டினார். ஆப்பில் வந்ததை நான் படித்தேன்: 'சாயங்காலம் நான் கடைக்கு வெளியே உட்கார்ந்து துணி மடிப்பேன். கடைசிப் படகு வரும்வரை அங்கேதான் இருப்பேன். அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொள்கிறேன்.'

"இன்னொரு தபா படி" என்றார் அக்கா.

படித்தேன்.

"பாத்துக்கறேன்னு அதுவா சொல்லுதா? நீ கேக்காமயே?"

"ஆமாக்கா."

"இத்தப் போடு நைனா. வேற ஒண்ணும் பாக்காத."

என் மனைவி புறப்பட்டுப் போனாள். போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் கூப்பிட்டு அறையைக் காட்டினாள். காட்ட அதிகமில்லை. பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது. குளிக்கிற இடத்தில் திரும்பினால் முழங்கை இடிக்கும்.

"என்னக்கா, ரூம் தீப்பெட்டி மாதிரி இருக்கு?"

"ரூமப் பத்தி நான் எங்க கேட்டேன்? லாண்டிரிக்காரம்மா ஒக்காந்துனு இருந்துதா?"

"இருந்தாங்கக்கா. கையாட்டினாங்க."

"அப்பால இன்னா?"

தினமும் இதேதான். அந்த அம்மா வாழை இலையில் மடித்த இனிப்புச் சோறு கொடுத்தார். குடை கொடுத்தார். என் மனைவி வகுப்பில் செதுக்கிய பழங்களைக் கொண்டுவந்து அவர் கடை வாசலில் உட்கார்ந்தே பழக ஆரம்பித்தாள். அந்த ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் பேசும் ஆப்பை நான் அக்கா போனிலும் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா அதில் பூப் படம் அனுப்புவார். அக்கா பதிலுக்குத் தகடு அடுக்கின படம் அனுப்புவார்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மத்தியானம் யார்டில் இருந்தபோது அக்கா கூப்பிட்டார். பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம்.

"நைனா, ஜல்தியா கடைக்கு வா. அந்தம்மா வீடியோல வந்துது. இன்னாவோ சொல்லுது, எனுக்குப் புரியல. துண்டு சுத்தி ஒரு கையி காட்டிச்சு. துண்டுல ரத்தம். அப்பால கட் ஆயிடுச்சு."

என் மனைவிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். எண்ணூரிலிருந்து சாத்தாங்காடு வரும்வரை அண்ணனின் சிரிப்புதான் காதில் கேட்டது. போய்ப் பார்த்தால் அக்கா தகடு அடுக்கின் மேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுக்கிற ஆளை நிறுத்தச் சொல்லியிருந்தார். கடை அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நான்தானே அந்த எடத்தச் சொன்னேன்" என்றார். "கொளம் கீற வூட்லயே நீ போட்டிருப்ப."

அவரிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுபடியும் வீடியோ அழைப்பு வந்தது. அக்கா அவசரத்தில் தவறான இடத்தை அமுக்கினார். நான் எடுத்தேன். ஆஸ்பத்திரி மாதிரி ஒரு வெள்ளைச் சுவர். அதன் முன்னால் என் மனைவி, வெளுத்துப்போய், இடது உள்ளங்கையில் பெரிய கட்டோடு இளித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. கத்தி வழுக்கிடுச்சு. தையல் போட்டாங்க. என் போன் ரூம்ல சார்ஜுல இருக்கு. அதான் இவங்க போன்லேர்ந்து பேசறேன். மொதல்ல பண்ணப்போ பேட்டரி தீந்துடுச்சாம்."

"இவங்க" என்று திரும்பியபோது லாண்டிரி அம்மாவின் முகம் திரைக்குள் வந்தது. முன்பக்கம் நரைத்த குட்டை முடி, வியர்த்த முகம்.

"கடைய யாரு பாத்துக்கறாங்க?" என்று அக்கா கேட்டார்.

"பூட்டிட்டு வந்துட்டாங்கக்கா. வண்டி புடிச்சு, என்னைப் புடிச்சுக்கிட்டே வந்தாங்க."

அக்கா போனைத் தகட்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். அந்தப் பக்கத்திலும் அந்த அம்மா குனிந்து கும்பிட்டு, "க்கா" என்று முடியும் எதையோ சொன்னார். அறுக்கிற ஆள் சத்தமில்லாமல் டீ வாங்கப் போனார்.

"நாளைக்கே கிளம்பி வந்துடு" என்றேன் நான்.

"கடைசியா ஒரு முழுப் பழம் செதுக்கிக் காட்டணும், அது பாக்கி இருக்குங்க. அதப் பண்ணினாதான் சர்டிபிகேட்டு. நான் முடிச்சுட்டுத்தான் வருவேன்."

ஒரு கையால் தர்பூசணியை எப்படிப் பிடித்துச் செதுக்குவாள் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு படம் வந்தது. லாண்டிரி வாசல். மடித்த துணிகளுக்கு நடுவில் லாண்டிரி அம்மா தர்பூசணியை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். என் மனைவி வலது கையில் கத்தியோடு குனிந்திருக்கிறாள். பாதிப் பழம் பூவாகிவிட்டிருந்தது. ஆசிரியையும் சம்மதித்து, கடைசி நாள் அந்த அம்மாவையே வகுப்புக்கு வந்து பழத்தைப் பிடிக்கச் சொன்னாராம். அதற்கும் ஒருநாள் கடை பூட்டு.

திரும்பி வந்த என் மனைவியின் வேலையே மாறிவிட்டது. முன்பு மண்டபக்காரர்கள் அவளைக் கூப்பிடுவார்கள். இப்போது பெண்வீட்டார் அவளிடம் தேதி கேட்டுவிட்டு மண்டபம் பார்க்கப் போகிறார்கள். அண்ணன் மகள் வரவேற்பிலும் அவள்தான் செதுக்கினாள். அண்ணன் வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து பழத்தைக் காட்டினான்.

அதற்கு அடுத்த வருஷம் அக்கா பாங்காக் போனார். வீட்டுக்காரர், கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தப்பித்துவிட்டார். எனக்கு லீவு கிடைத்தது, நானும் என் மனைவியும் கூடப் போனோம். அக்காவுக்கு அதுதான் முதல் விமானம். பக்கத்து சீட்டுக்காரரிடம், "அடிக்கடி போவீங்களா? இந்த பிளேனு எப்டி?" என்று விசாரித்தபடியே வந்தார்.

அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் லாண்டிரி அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

"சவாதீ க்கா" என்றார் அவர்.

"ஆமா, அக்காதான்" என்றார் இவர்.

என் மனைவி, "அக்கா, அது அக்கா இல்ல. மரியாதைக்காக கடைசில சேத்துப்பாங்க, நம்ம 'ங்க' மாதிரி" என்று விளக்கினாள்.

"மரியாதையா கூப்டா அக்காதானே? இதுல இன்னா கஷ்டம் உனுக்கு?"

ஊர் பார்க்க ஒருநாள்தான் வந்தார். பொன் வேய்ந்த கோயில்களைப் பார்த்து, நல்லா பாலிஷ் போட்டு வச்சிகினு கீறாங்க என்றார். மற்ற நாட்களெல்லாம் லாண்டிரி வாசலிலேயே இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் துணி மடித்தார்கள். இவர் தமிழில் பேசினார், அவர் அவருடைய மொழியில் பேசினார். ஆப்பை நான் நீட்டினால் இருவரும் கையால் தள்ளிவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம். லாண்டிரி அம்மா உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வெளியே அக்கா மட்டும் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். முதுகில் பெரிய பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், வயசு இருபதுக்கு மேல் இருக்காது, விடுதி வாசலில் வந்து நின்றாள். போனைப் பார்த்தாள். கட்டடத்தைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். உள்ளே போகாமல் இரண்டு எட்டு பின்னால் வந்தாள். பிறகு அக்காவிடம் வந்து, விடுதியைக் காட்டி, இந்த இடம் பரவாயில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பதில் சொல்ல எழுந்தேன். அக்கா என்னைக் கையால் உட்காரச் சொன்னார்.

மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தார். விடுதியைக் காட்டினார். "ரூமு சின்னது" என்று இரண்டு உள்ளங்கையையும் நெருக்கிக் காட்டினார். "இத்தினிதான் இருக்கும். தெர்தா? கதவு இடிக்கும்." அந்தப் பெண் கவனமாகத் தலையாட்டினாள். அப்புறம் அக்கா தன் நாற்காலியைத் தட்டினார், உள்ளே இஸ்திரி போடுகிறவரைக் காட்டினார், கடைசியாகத் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"ஆனா இங்க ஆளு கீது. போ, கண்ணு."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.